ஐம்பது மீட்டர்க் கோடு

ஸ்ஃபாக்ஸ் கடற்படைத் தளம், துனிசியா
12 ஜனவரி 1975

அன்புத் தம்பி லஸாதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். போன வாரம் மஹ்தியாவுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் வலியைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வாய் மட்டும் பழையபடியே இருக்கிறது. "கடல் தாண்டிப் போனவன் கடுதாசி போட மாட்டேங்கிறான். கடல் மேலயே கிடக்கிறவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்கிறான். ரெண்டு பிள்ளை பெத்து, கடைசியில பூனைக்குத்தான் சோறு போட்டுட்டு இருக்கேன்" என்றாள். உன் கல்யாணத்தை ஆகஸ்டில் வைத்துக்கொள்ளலாம் என்று மன்னூபியா வீட்டில் சொல்கிறார்களாம்.

என் செய்தி ஒன்று உண்டு. கரை வேலையிலிருந்து ரோந்துப் படகுக்கு மாற்றியிருக்கிறார்கள். முன்தளப் பீரங்கி என் பொறுப்பு. சுடுவதைவிட அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதுதான் வேலை. காபெஸ் வளைகுடாவில் கடல் ஐம்பது மீட்டர் ஆழத்தை எட்டும் இடம் வரைக்கும் மீன் நம்முடையது என்பது சட்டம். அந்தக் கோட்டுக்குள் வெளிநாட்டு இழுவைப் படகு வந்தால் பிடித்துக் கரைக்குக் கொண்டுவருவோம். வருகிறவை பெரும்பாலும் உங்கள் மஸாராவிலிருந்துதான் வருகின்றன.

அதனால் கேட்கிறேன். நீ வேலை செய்யும் படகின் பெயர் என்ன?

உன் அண்ணன்
திஜானி

*

மஸாரா, சிசிலி
9 பிப்ரவரி 1975

அன்புள்ள அண்ணனுக்கு,

அலைக்கும் ஸலாம். நான் நலமே. இருமல் இருந்தது, போய்விட்டது.

பீரங்கிக்காரன் ஆனதற்கு வாழ்த்து. அறையில் எல்லோரிடமும் சொன்னேன். நாங்கள் ஐந்து பேர், நான்கு பேர் மஹ்தியாக்காரர்கள். ஏழு வருஷத்துக்கு முன் இங்கே நடந்த பூகம்பத்துக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் திரும்பி வராத வீடு இது. சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, அதன் வழியாகப் பக்கத்து வீட்டு அடுப்பு தெரியும். ஹாதி என்று ஒருவன், பள்ளிக்கூடம் முடித்தவன், எங்களுக்கெல்லாம் இத்தாலியச் செய்தித்தாள் படித்துச் சொல்வான். இங்கேயும் மீன் போட்டுக் கூஸ்கூஸ் செய்கிறார்கள், ஆனால் காரமே கிடையாது. யாராவது வந்தால் அம்மாவை ஹரிஸா மிளகாய் விழுது கொடுத்துவிடச் சொல்.

எங்கள் படகுத் தலைவர் கஸ்பரே, அறுபது வயதுக் கிழவர். நீ கடற்படையில் இருப்பது தெரிந்ததும் கேலி செய்யப் பிடித்துக்கொண்டார். "உங்க கடற்படையா? ரெண்டு தோணி, ஒரு விசில். அதுலயும் விசில் ஓட்டை" என்றார். நானும் விடவில்லை. "அந்த விசில் சத்தம் கேட்டா நீங்கதான் முதல்ல ஓடுறீங்க, தலைவரே" என்றேன். அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கத் தேவாலயத்துக்குப் போய்விடும். நாங்கள் துறைமுகச் சுவரில் உட்காருவோம். தெற்கே ஒன்றும் தெரியாது. இருந்தாலும் எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்காருகிறோம்.

படகின் பெயர் எதற்கு? நாங்கள் லம்பெதூசாத் தீவை ஒட்டித்தான் வலை போடுகிறோம். அம்மாவுக்கு முத்தங்கள்.

லஸாத்

*

ஸ்ஃபாக்ஸ்
27 மார்ச் 1975

தம்பி லஸாதுக்கு,

ஸலாம். நலம், உன் நலத்துக்கு துஆ. நபி பிறந்த மவ்லிது அன்று அம்மா அஸீதாக் களி செய்து, உன் பங்கென்று ஒரு கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். மூன்றாம் நாள் நான்தான் அதைச் சாப்பிட்டேன்.

உன் கஸ்பரே சொன்னதில் பாதி உண்மை. நான் சேர்ந்த புதிதில் நம்மிடம் இருந்த படகுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிஸெர்த்தாவில் துறைமுகமும் பட்டறையும் பிரெஞ்சுக்காரர்கள் கையில். அங்கே நம் ஆட்கள் எத்தனையோ பேர் செத்த பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள். அறுபத்து மூன்று அக்டோபரில் அவர்களுடைய கடைசிக் கப்பல் கால்வாயைத் தாண்டிப் போனபோது நான் கரையில் வெள்ளை உடுப்பில் நின்றேன். யாரும் கத்தவில்லை. கப்பல் மறைந்ததும் அந்தப் பெரிய துறைமுகம் காலியாகக் கிடந்தது. இதில் எதைக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறோம் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எங்கள் தலைமை மாலுமி பின்னாலிருந்து கத்தினார்: "டேய், வெள்ளை உடுப்பு மாட்டினவன் எல்லாம் மாலுமி ஆயிட மாட்டான்! முதல்ல வாந்தி எடுக்காம நிக்கக் கத்துக்கோ!" அப்படித்தான் தொடங்கினோம்.

இப்போது அமெரிக்கர்கள் கொடுத்த பெரிய கப்பல் ஒன்றும் இருக்கிறது. ஆனால் நாளெல்லாம் எங்களுக்கு இருப்பது சின்ன வேலைதான். போன மாதப் புயலில் ஜர்ஸீஸ் பக்கம் கடல்பஞ்சு எடுக்கப் போனவர்கள் கவிழ்ந்துவிட்டார்கள். நால்வரை உயிரோடு தூக்கினோம், ஒருவரைப் போர்வையில். அவருடைய மனைவியிடம் ஒப்படைத்ததற்கான கையெழுத்தை நான் போட்டேன்.

இந்த வாரம் மஸாராப் படகு ஒன்றைப் பிடித்து இங்கே கட்டிப்போட்டோம். தளத்தில் வரிசையாக நிற்கவைத்தபோது ஒருவன் மட்டும் தலையைக் குனிந்தே இருந்தான். மோவாயைப் பிடித்துத் தூக்கினால், நம் தெரு பூராவி. அந்த நிலையிலும் மரியாதைக்குப் போடும் "ஸீ"யை அவன் விடவில்லை. "ஸீ திஜானி, எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, உங்க காலைப் புடிக்கிறேன்" என்றான். நம்மவர்களை இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் நின்ற நிலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. என் ஆட்கள் சிரித்தார்கள். "துனிஸ் மீனைத் துனிஸ்காரனே திருடி இத்தாலிக்காரனுக்கு விக்கிறான் பாரு" என்றான் ஒருவன்.

படகின் பெயரை எழுது.

திஜானி

*

மஸாரா
4 மே 1975

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நலம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. தொடர்ந்து கடலில் இருந்தோம்.

"கொன்செத்தா". பச்சை உடம்பு, மேலே வெள்ளைக் கோடு. போதுமா?

பூராவி இங்கே திரும்பி வந்துவிட்டான். உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னான், சிகரெட் கொடுத்தாயாம். திருட்டு என்று உன் ஆட்கள் சொன்னதையும் சொன்னான். அண்ணா, மஹ்தியாவில் எனக்கு ஏற ஒரு படகு இருந்திருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்? அப்பாவின் படகை விற்றபோது நீ சீருடையில் இருந்தாய். நான் கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சண்டைக்காக எழுதவில்லை. "இந்த வரியை அடித்துவிடு" என்றான் ஹாதி. நான் அடிக்கவில்லை.

தலைவர் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே போகிறோம். கோடு தண்ணீரில் தெரிவதில்லை. சில நாள் விளக்கை அணைத்துவிட்டுப் போவோம் என்பது உனக்கே தெரியும்.

இப்போது பெயர் தெரிந்துவிட்டது. என்ன செய்வாய்? பிடிப்பாயா, விட்டுவிடுவாயா?

ஆகஸ்டில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல். மன்னூபியாவுக்கு இங்கே நீலத்தில் ஒரு துணி பார்த்து வைத்திருக்கிறேன்.

லஸாத்

*

ஸ்ஃபாக்ஸ்
19 மே 1975

தம்பிக்கு,

ஸலாம். அம்மா நலம், நானும் நலம்.

பிடிப்பேன். பிடித்துவிட்டு என் போர்வையை உனக்குக் கொடுப்பேன். வேறு பதில் என்னிடம் இல்லை. ஆகையால் வராதே.

திஜானி

*

ஸ்ஃபாக்ஸ்
15 ஜூன் 1975

அன்புத் தம்பி லஸாதுக்கு,

ஸலாம். நலமாக இருக்கிறாயா? இங்கே எல்லோரும் நலம். வெயில் ஏறிவிட்டது, காலையில் மட்டும் கடலில் பனிமூட்டம். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

இரண்டு வரி போதும். நலம் என்று மட்டும் எழுது. கடிதம் கிடைத்ததும் எழுது.

உன் அண்ணன்
திஜானி

*

ஸ்ஃபாக்ஸ்
21 ஜூலை 1975

லஸாதுக்கு,

ஸலாம். பதில் இல்லை. அம்மா கேட்கிறாள். மன்னூபியா வீட்டில் பந்தல்காரனுக்குச் சொல்லிவிட்டார்கள். நானும் கேட்கிறேன். எழுது.

திஜானி

*

மஸாரா
14 ஆகஸ்ட் 1975

மதிப்பிற்குரிய அண்ணன் திஜானி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹ். தங்கள் இரு கடிதங்களும் கிடைத்தன. நான் இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். தாயாரின் நலத்துக்கும் தங்கள் நலத்துக்கும் பிரார்த்திக்கிறேன்.

விரலில் தூண்டில் முள் குத்திச் சற்று வீங்கியிருப்பதால் இதை நண்பர் ஹாதி எழுதித் தருகிறார். கவலைப்பட ஏதுமில்லை. படகில் பழுதுபார்க்கும் வேலை அதிகம் இருப்பதால் இம்மாதம் ஊருக்கு வர இயலாது. திருமணத்தைத் தள்ளிவைக்குமாறு மன்னூபியாவின் வீட்டாரிடம் தெரிவிக்கவும். எப்போது என்று இப்போது கூற இயலவில்லை. அவர்களுக்கு வேறு நல்ல இடம் அமைந்தால் நான் குறை கூற மாட்டேன் என்பதையும் தெரிவிக்கவும்.

தங்கள் தம்பி
லஸாத்

*

ஸ்ஃபாக்ஸ்
20 செப்டம்பர் 1975

தம்பி லஸாதுக்கு,

ஸலாம். நோன்பு மாதம் நடக்கிறது. உன் நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஹாதியின் கடிதத்தைப் படித்தேன். என்னை "மதிப்பிற்குரிய" என்று நீ ஜென்மத்தில் கூப்பிட்டதில்லை.

விடுப்பில் மஹ்தியா போயிருந்தேன். நோன்பு திறந்த பிறகு காப்பிக்கடையில், நோன்புக்கு ஊர் வந்திருந்த பூராவியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து போகப் பார்த்தான். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"என் தம்பி எப்படிடா இருக்கான்?"

"நல்லா இருக்கான், ஸீ திஜானி."

"நோன்பு வாயால பொய் சொல்லாதே."

"நோன்புதான் திறந்தாச்சே" என்றான். பிறகு காப்பியைத் தள்ளிவைத்துவிட்டு அழுதான். "வலையை இழுக்குற கம்பியை முறுக்கா இருக்கும்போதே வெட்டினான். அது திருப்பி அடிச்சுடுச்சு. வலது கை, மணிக்கட்டோட போச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டான்."

என்னிடம் மட்டும் ஏன் கூடாது என்று அவனைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஜூன் ஒன்பதாம் தேதி காலை, பனிமூட்டத்தில், கோட்டுக்கு உள்ளே ஒரு படகு வலை இழுத்துக்கொண்டிருந்தது. நிற்கச் சொல்லி விளக்குக் காட்டினோம், ஒலிபெருக்கியில் கூப்பிட்டோம். நிற்கவில்லை. லெப்டினன்ட் மூன்று எச்சரிக்கைக் குண்டு போடச் சொன்னார். நான் போட்டேன். பனி ஒரு நொடி விலகியது. பச்சை உடம்பு, வெள்ளைக் கோடு. பின்பக்கத்தில் ஒருவன் கோடாலியோடு நின்றான். திரும்பவும் பனி மூடிக்கொண்டது. வலையை அறுத்துவிட்டு அவர்கள் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். தாண்டிய பிறகு துரத்த எங்களுக்கு உத்தரவு இல்லை.

"பேரு தெரிஞ்சுதா?" என்று லெப்டினன்ட் கேட்டார்.

"பனி, ஐயா" என்றேன்.

மூன்று குண்டும் தண்ணீரில்தான் விழுந்தன. படகுக்கு முன்னால், வெகு தூரத்தில். அதை மட்டும் நீ நம்பவேண்டும்.

அம்மாவுக்குத் தெரியாது.

திஜானி

*

மஸாரா
2 நவம்பர் 1975

அண்ணா,

ஸலாம். இது என் இடது கை. மெதுவாகப் படி. நான்கு நாளாக எழுதுகிறேன்.

நம்புகிறேன். குண்டு எங்கள் பக்கத்தில்கூட விழவில்லை. கஸ்பரே அதைப் பார்த்து, "உன் அண்ணன் மீனைச் சுடுறான்" என்றார். அவர் பயப்படவில்லை. நிறுத்திவிடலாம் என்றுதான் சொன்னார். வலை போனால் அவருக்குப் பெரிய நட்டம். பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டு வலையையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தார்.

நான்தான் கோடாலியை எடுத்தேன்.

பனிக்குள்ளேயே உங்கள் படகின் எண் மங்கலாகத் தெரிந்தது, பூராவி சொல்லியிருந்த அதே எண். பீரங்கிக்குப் பக்கத்தில் ஓர் ஆள், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு. வேறு யார் அப்படி நிற்பார்கள்? பூராவி தலை குனிந்து நின்றதை நீ எழுதியிருந்தாய். உன் ஆட்கள் சிரித்ததையும். நீ பிடித்தால் நானும் உன் முன்னால் அப்படித்தான் நிற்கவேண்டும். பிடிப்பேன் என்று எழுதியவன் நீ. பிடித்துவிட்டு அதற்கப்புறம் அந்த ஆட்களோடு நீ எப்படி ஒரே மேசையில் சாப்பிடுவாய் என்று நினைத்தேன். முதல் கம்பியை வெட்டினேன். இரண்டாவதை வெட்டும்போது விலகி நிற்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

குண்டுக்கும் என் கைக்கும் சம்பந்தம் இல்லை. இதை நீ நம்பவேண்டும்.

இப்போது மீன் ஏலக்கூடத்தில் காவல் வேலை. கஸ்பரேதான் வாங்கித் தந்தார். எல்லோரும் கடலுக்குப் போய்விட்டால் அறையில் நான் மட்டும். விரிசல் வழியாகப் பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டிப் பார்க்கும். நான் கையை மறைத்துக்கொள்வேன்.

மன்னூபியாவிடம் ஹாதி எழுதியதைச் சொன்னாயா?

லஸாத்

*

ஸ்ஃபாக்ஸ்
25 நவம்பர் 1975

என் தம்பிக்கு,

ஸலாம். உன் எழுத்து நன்றாகப் புரிந்தது.

லெப்டினன்ட்டின் அறைக்குப் போனேன். "ஐயா, ஜூன் மாசம் தப்பிச்ச படகோட பேரு எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்" என்றேன்.

"இப்ப ஏன் சொல்றீங்க, ஸீ திஜானி?"

"அதுல என் தம்பி இருந்தான்."

அவர் சின்னப் பையன்தான், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படின்னா ஏன் பேரைச் சொல்லலைன்னு நான் கேக்கல. ஏன் சுட்டீங்க?"

"நீங்க உத்தரவு போட்டீங்க, ஐயா."

சல்யூட் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பீரங்கியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பிஸெர்த்தாவில் ஆயுதக் கிடங்குக்கு மாற்றம். அது நியாயம்தான். போகும் முன் விடுப்புத் தாளில் அவரே கையெழுத்துப் போட்டு, வெளிநாடு போகும் அனுமதிக்கும் எழுதித் தந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் துனிஸிலிருந்து த்ராபனிக்கு வரும் கப்பலில் வருகிறேன்.

மன்னூபியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். "கை ஒண்ணு போச்சு, சரி. இன்னொண்ணு இத்தனை மாசமா என்ன செஞ்சுட்டு இருந்துச்சு? ஒரு வரி எழுதத் தெரியாதா அதுக்கு? வேற இடம் பாக்கச் சொல்றதுக்கு மட்டும் ஆள் வச்சு எழுதத் தெரிஞ்சுதா?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதது தெருவரைக்கும் கேட்டது.

அம்மாவிடமும் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பூனைக்குச் சோறு வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திஜானி

*

மஸாரா
18 ஜனவரி 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். பிஸெர்த்தாவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். குளிர் அங்கே அதிகம் என்பார்கள், நெஞ்சைக் கவனித்துக்கொள். நான் நலம்.

நீ வந்துவிட்டுப் போன பிறகு அறை பெரிதாகிவிட்டது. நான்கு நாள் இருந்தாய். கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் சாப்பாட்டில் கேட்காமலே என் தட்டை இழுத்து, இறைச்சியைத் துண்டாக்கித் திருப்பி வைத்தாய். ஹாதி தலையைத் திருப்பிக்கொண்டான். அறையில் வேறு யாராவது அதைச் செய்திருந்தால் தட்டை எறிந்திருப்பேன்.

மூன்றாம் நாள் கஸ்பரே உன்னை மட்டும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது உன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, சொல்லிவிட்டார் என்று. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ அங்கே, நான் இங்கே இருக்கும்போது சொல்வது சுலபம்.

கம்பி அடித்ததும் கஸ்பரே படகை உங்கள் பக்கம் திருப்பிவிட்டார். "எந்தக் கொடியா இருந்தா என்ன? ராணுவப் படகுல கட்டுப் போடத் தெரிஞ்சவன் இருப்பான். உன் அண்ணன்கிட்டயே போயிடலாம்" என்று கத்தினார். நீங்கள் பனிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தீர்கள். உங்கள் இயந்திரச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் மிச்சமிருந்த கையால் அவர் கழுத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "லம்பெதூசாவுக்கு விடு" என்றேன். பாதி நாள் ஆயிற்று. சீக்கிரம் வந்திருந்தால் கையில் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே மருத்துவர் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நீயும் தெரிந்துகொள்ளப் பார்க்காதே.

மன்னூபியாவுக்கு நானே எழுதிவிட்டேன், இடது கையால், ஒரு பக்கம் முழுக்க. பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் மே மாதம் ஊருக்கு வருகிறேன். வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மாவின் பூனைக்குச் சோறு போடுகிறேன்.

த்ராபனியில் கப்பல் கிளம்பியபோது நீ மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எல்லோரும் கை காட்டினார்கள். பழக்கத்தில் நான் வலது கையைத் தூக்கிவிட்டேன். சட்டைக்கை நழுவிக் கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். இறக்கிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் இறக்கவில்லை, கப்பல் துறைமுக வாயைத் தாண்டும்வரை.

உன் தம்பி
லஸாத்